தரங்கம்பாடி வீட்டை விற்றோம்

தாத்தா கட்டிய தரங்கம்பாடி வீட்டைச் சென்ற மாதம் விற்றுவிட்டோம். உப்புக்காற்றில் சன்னல் கம்பிகள் துருவேறி, கை பட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தன. 2004 டிசம்பர் 26 அன்று கூடத்துச் சுவரில் ஏறிய நீரின் கறையோ, எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை. வாங்க வந்தவர் கறையைப் பொருட்படுத்தாமல், கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து வீடு எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கடலை ஒட்டிக் கட்டடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் நடைமுறையில் இருப்பதால், இடித்துக் கட்ட நினைப்பவருக்கு அது நியாயமான கவலைதான். வில்லங்கச் சான்றிதழ் எளிதில் கிடைத்தது. தாய்ப்பத்திரம்தான் அத்தையின் டிரங்குப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில் கிடந்தது. பதிவன்று வாரிசுகள் ஐவரும் கையொப்பமிட்டோம். கொல்லைக்கதவுச் சாவியை மட்டும் எடுத்துவர மறந்துவிட்டதாக அத்தை சொன்னார், நாங்களும் வற்புறுத்தவில்லை.