அதுக்கு மார்க்ஸ் இருக்கோ மிஸ்?

"பிழையா வாசிச்சனா மிஸ்?" எண்டு என்னட்டப் பியானோ படிக்க வந்த பொடியன் கேட்டதுக்கு நான் சொன்ன பதில் இன்னும் மனசைப் போட்டு உழட்டுது. "பிழை இல்லை, ஆனா எக்ஸாமில இப்பிடி வாசிக்காத." அவ்வளவுதான் சொன்னன்.

அவன் வாசிச்சது கிளாசிக்கல் கம்போஸர் கிளெமென்டியின்ர ஒபஸ் 36, முதலாவது சொனாட்டினா, ஒரு சின்னப் பியானோ பீஸ். எக்ஸாம் பீஸ் கூட இல்லை, கையை இளக்க வாசிக்கிறது. கடைசியில சி மேஜருக்குத் திரும்புற இடத்தில இடது கையில டி மைனர் செவன்த் கோர்ட் ஒண்டைப் போட்டு, பிறகு ஜி செவன்த், பிறகு சி. ஜாஸ்காரர் டூ-ஃபைவ்-வன் எண்டு சொல்லுற கோர்ட் வரிசை! நான் சொல்லிக்குடுக்கவே இல்லை. ராவில ஹோட்டல் லொபியில நான் வாசிக்கிற ஜாஸ் பாட்டுகள் முக்கால்வாசி அதிலதான் ஓடுது, வெள்ளவத்தையில ஒரு சின்னப் பொடியன் தன்ர காதாலயே அதைப் பிடிச்சிட்டான்.

பக்கத்தில இருந்த அம்மாதான் கேட்டவ, "அதுக்கு மார்க்ஸ் இருக்கோ மிஸ்?"

இல்லைதானே. அவன் எடுக்கிற ஏபிஆர்எஸ்எம் எண்ட பிரிட்டிஷ் மியூசிக் எக்ஸாமில 150க்கு 100 எடுத்தா பாஸ், 130 எடுத்தா டிஸ்டிங்ஷன், கிளாசிக்கல் பீஸில எழுதியிருக்கிறதை மாத்தி வாசிச்சா எக்ஸாமினர் பிழை எண்டுதான் எடுப்பார். கிரேட் 6, 7, 8க்கு பிரிட்டிஷ் யூனிவர்சிட்டி அட்மிஷனில பொயின்ட்ஸ் வேற இருக்கு, அந்த அம்மா அதையெல்லாம் விசாரிச்சு வச்சிருக்கிறா, ஃபீஸும் கஷ்டப்பட்டுத்தான் கட்டுறா. அவவில என்ன பிழை? நான் சொன்னதும் நியாயம்தான்.

ஆனா ட்ரினிட்டி எண்ட மற்ற எக்ஸாம் போர்டில இம்புரோவைசேஷனையே, அதாவது அந்த இடத்திலயே தானா உருவாக்கி வாசிக்கிறதையே, ஒரு டெஸ்டா எடுக்கலாம், 100இல 10 மார்க்ஸ். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னா பீஸஸ் எல்லாம் பாடமாக்கின பிறகு போர்டை மாத்தச் சொல்லுறதா ஆகும், எந்த அம்மா சம்மதிப்பா?

அதோட மொஸார்ட் கச்சேரியில தன்ர கடென்ஸாவை, அதாவது ஒர்கெஸ்ட்ரா நிக்கத் தனிய வாசிக்கிற பகுதியை, மேடையிலயே உருவாக்கி வாசிச்சவர், பாக் (Bach) தன்ர மாணவருக்கு அடிச் சுரங்களான பேஸ் லைனை மட்டும் குடுத்து மிச்சத்தைக் கைக்கு விட்டவர். ஜாஸ் பியானிஸ்ட் பில் எவன்ஸ் 1950இல பட்டம் எடுத்ததே கிளாசிக்கல் பியானோ படிச்சுத்தான், 1959இல ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட வாசிக்கேக்க அந்தப் படிப்பு அவரின்ர கையில கேக்கும். கிளாசிக்கலும் ஜாஸும் ஒரே வீட்டுப் பிள்ளையள் எண்டு நம்பித்தான் நான் ரெண்டையும் வாசிக்கிறன், படிப்பிக்கேக்க மட்டும் ஏன் பிரிக்கிறன்?

அவனுக்கு டிஸ்டிங்ஷன் கிடைச்சுது. இப்ப புத்தகம் திறக்காம ஒண்டும் வாசிக்கமாட்டான். அது நான் சொன்னதாலயோ, வயசோ, ஓ லெவல் டியூஷனோ, எனக்குத் தெரியேல்ல. அந்த ஒரு வசனத்தால ஒரு பிள்ளை மாறுமோ எண்டு சிலநேரம் யோசிப்பன், மாறும் எண்டும் உடனே தோணும்.

போன மாசம் அம்மா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தவ, "அண்ணா மாதிரியே இவளையும் கொண்டுபோங்கோ மிஸ்" எண்டு. ஓம் எண்டு சொல்லிப்போட்டு, முதல் பாடத்திலயே அவளுக்கு 12 பார் புளூஸ், தானா உருவாக்கி வாசிக்கப் பழகிற ஒரு கோர்ட் வரிசை, காட்டினன். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல.