1917 என்று பொறித்திருந்த த்ரீ நாட் த்ரீ

தாத்தாவிடமிருந்து பெரியப்பாவுக்கும், பெரியப்பாவிடமிருந்து எனக்கும் வந்த துப்பாக்கி அது. கூடவே ஒரு கதையும் வந்தது: "தாத்தா போருக்குப் போனப்போ கையில் வச்சிருந்த துப்பாக்கி. திரும்பி வரும்போது கையோடு கொண்டு வந்துட்டார்." கதையின் சொந்தக்காரர் அத்தை. தாத்தா இரண்டாம் உலகப் போரில் ராணுவ லாரி ஓட்டியவர், 1946இல் வீடு திரும்பியவர் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. துப்பாக்கியைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை.

ஆராய்ச்சிக்கு முன்னால் சட்ட வேலை. உரிமம் இல்லாதவர் கைக்கு ஒரு துப்பாக்கி வாரிசுரிமையாக வந்தாலும், அதை அப்படியே அலமாரியில் வைத்துக்கொள்வது பல நாடுகளில் குற்றம். எனவே அது என் பெயருக்கு மாறும் வரை உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி ஒருவரின் பாதுகாப்பில் இருந்தது. அந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படிவங்கள், கையெழுத்துகள், மறுபடியும் படிவங்கள்.

கைக்கு வந்ததும் வியாபாரி முதலில் சொல்லிக்கொடுத்தது, காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை. குழல் யாரும் இல்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும். விசைக்கூண்டுக்குள் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதை மேலே அழுத்தினால் தோட்டாக்கள் அடுக்கும் பெட்டியான மேகசின் கீழே கழன்று வரும். தோட்டா அறையை அடைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டை, கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். 'எத்தனையோ வருஷமா யாரும் தொடலையே' என்ற நினைப்புதான் ஆபத்து என்றார். ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் இதைச் செய்கிறேன்.

பார்த்தவுடனே அது பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குழலின் நுனி வரை மரம், மழுங்கலான மூக்கு, பத்துத் தோட்டா மேகசின். நம் ஆட்கள் த்ரீ நாட் த்ரீ என்பார்களே, அதேதான்: குழலின் துளை 0.303 அங்குலம். ஆனால் லீ என்ஃபீல்டு என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். இங்கிலாந்தில் பல ஆலைகள், ஆஸ்திரேலியாவில் லித்கோ, வங்காளத்தில் இஷாப்பூர் என்று பல இடங்களில், பல வகைகளாகப் பல பத்தாண்டுகள் செய்திருக்கிறார்கள். எந்த வகை, எந்த ஆலை, எந்த ஆண்டு என்பதைத் துப்பாக்கியே சொல்ல வேண்டும்.

அது சொல்லும் இடம் வலது பக்கத்தில், போல்ட் கைப்பிடிக்குக் கீழே, மரக்கட்டை வந்து சொருகும் இரும்புப் பகுதி. பல வருட எண்ணெய் அங்கே கறுத்துக் கெட்டியாகியிருந்தது. மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகள் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மேலே ஒரு கிரீடம். அதன் கீழே ஜி.ஆர்., அதாவது ஜார்ஜ் மன்னர். அடுத்து பி.எஸ்.ஏ. கோ., பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனி. அதற்கும் கீழே 1917, கடைசி வரியில் எஸ்.எச்.டி. எல்.இ., அதாவது ஷார்ட் லீ என்ஃபீல்டு; மூன்று கோடுகள், அதாவது மார்க் 3; பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

அந்த நட்சத்திரம் அலங்காரத்துக்குப் போட்டதல்ல. 1907இல் வந்த மார்க் 3 வகையில் மேகசினை மூடும் ஒரு தகடு உண்டு. அதை உள்ளே தள்ளிவிட்டால், மேகசினில் இருக்கும் பத்தும் அவசரத்துக்குச் சேமிப்பாக நிற்க, வீரர் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடலாம். கட்டையின் பக்கவாட்டில் வெகுதூரக் கூட்டச் சூட்டுக்கென்று, அதாவது பல வீரர்கள் ஒரே நேரத்தில் சுடுவதற்கென்று, தனிக் குறிகாட்டியும் இருந்தது. முதல் உலகப் போரில் துப்பாக்கிகள் மலைபோலத் தேவைப்பட்டபோது இதெல்லாம் வெட்டிச் செலவு என்று முடிவாகி, 1916இல் இவற்றைக் கழற்றி எளிமையாக்கிய வகைக்கு நட்சத்திரம் சேர்த்தார்கள். என் துப்பாக்கியில் தகடும் இல்லை, கூட்டச் சூட்டுக் குறிகாட்டியும் இல்லை. எழுத்து சொன்னதை இரும்பும் ஒத்துக்கொண்டது.

இங்கேதான் நிறையப் பேர் '1917 மாடல்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் சுவாரசியம் பிடித்தது. 1917 என்பது அந்த உடல், அதாவது குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு இரும்பு, பிறந்த ஆண்டு, அவ்வளவுதான். உடலிலும் குழலிலும் ஒரே வரிசை எண். ஆனால் குழலில் இருக்கும் ஆண்டு 1941. குழல் தேய்ந்தால் படைக்கலப் பட்டறையில் புதியதைப் பூட்டி, உடலின் எண்ணை அதிலும் அடிப்பார்கள். முன்பக்கக் கட்டையின் அடியில் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு இந்த எண்ணைப் பொறித்திருந்தார்கள். அந்த மரம் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது. போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலோ வேறு எண். ஆக, இது முதல் போருக்காகப் பிறந்து, இரண்டாம் போருக்காகப் பழுதுபார்க்கப்பட்ட துப்பாக்கி. இதுவரை அத்தையின் கதைக்குச் சேதமில்லை.

கதையை அசைத்தவை இரண்டு முத்திரைகள். ஒன்று, முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புகள். ஒற்றை அம்பு என்றால் பிரிட்டிஷ் அரசின் சொத்து; இப்படி முட்டிக்கொண்டால், அரசு தன் கையிருப்பிலிருந்து விற்றுவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது குழலில் இருந்தது: கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்ற எழுத்துகளும், .303, 2.222 அங்குலம், 18.5 டன் என்ற வரியும். இது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை. பிரிட்டனில் ராணுவத் துப்பாக்கியைப் பொதுச் சந்தையில் விற்க வேண்டுமென்றால், அதிக அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுப் பார்த்து இப்படிச் சான்று குத்தியாக வேண்டும். 2.222 அங்குலம் என்பது தோட்டா உறையின் நீளம், 18.5 டன் என்பது சதுர அங்குலத்துக்கான அழுத்தம். கிரீடத்தோடு பி.என்.பி. குத்தும் இந்த முறை 1954இல்தான் வந்தது.

தாத்தா திரும்பி வந்தது 1946. போர்முனையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த துப்பாக்கியில் இந்த இரண்டும் இருக்க வழியில்லை. ராணுவம் கழித்துவிட்டதை அவர் பிற்காலத்தில் யாரிடமோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

அத்தையிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "காசு கொடுத்தா? எங்கப்பாவா? செருப்புக்கே நாலு தடவை தையல் போட்டுப் போட்டவர்டா அவர்!" என்றார். போரிலிருந்து தூக்கி வந்ததைக்கூட நம்பிவிடுவார், விலை கொடுத்து வாங்கியதை மட்டும் நம்ப மாட்டார்.

இதற்கு முன்னால் யார் கையில் இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்றும் பார்த்தேன். பழைய துப்பாக்கிகளின் அடிக்கட்டையில் ஒரு பித்தளை வில்லை இருக்கும். படைப்பிரிவின் பெயர்ச்சுருக்கம் அதில்தான் பொறித்திருக்கும். என்னுடையதில் வில்லை இல்லை. எந்த எண் எந்த வீரரிடம் போனது என்று காட்டும் பதிவு பொதுவாகக் கிடைப்பதில்லை என்றார்கள். சரி, அந்தக் கதவு மூடியே இருக்கட்டும். அடித்தகட்டில் ஒரு சின்ன மூடி உண்டு. திறந்தால் உள்ளே எண்ணெய்க் குப்பியும் துடைப்புக் கயிறும் வைக்கும் பொந்து. அங்கே பித்தளைக் குப்பி மட்டும் இருந்தது, மூடி இறுகிப்போய்.

மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் பளபளவென்று ஆகிவிடும் என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான். விடவில்லை. மரத்தில் பொறித்த முத்திரைகள் மேலோட்டமானவை. தேய்த்தால் அழுக்கோடு அவையும் போய்விடும், மதிப்பும் போய்விடும். துணியில் தொட்டுத் தேய்த்த பச்சை ஆளிவிதை எண்ணெயே போதுமாக இருந்தது. ராணுவத்திலும் அதைத்தான் பூசினார்கள்.

குழலின் உட்புறம் வேறு கதை. பழைய தோட்டாக்களின் எரியூட்டி மருந்து, சுட்ட பிறகு ஒருவித உப்பை விட்டுவிட்டுப் போகும். அது ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய்க்குக் கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அதனால்தான் அந்தக் கால வீரர்கள் சுட்டு முடித்ததும் குழலில் வெந்நீர் ஊற்றினார்கள். தாத்தாவுக்குப் பிறகு யாரும் ஊற்றியதாகத் தெரியவில்லை. தோட்டா அறைக்கு அருகே அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள்.

போல்ட்டின் எண் பொருந்தாததால், சுடலாமா என்ற கேள்விக்கு என் கண்ணும் இணையப் படங்களும் பதில் சொல்ல முடியாது. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளி கூடினால், சுடும்போது உறை கிழிந்து வாயு பின்னால் பீறிடும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அந்த இடைவெளியை அளக்கும் இரும்பு அளவுக்கட்டையைத் தோட்டா அறையில் வைத்துப் போல்ட்டை மூடிப் பார்த்தார். இடைவெளி சரியாக இருந்தால் அந்த அளவுக்கட்டையின் மேல் போல்ட் மூடக்கூடாது; இதுவோ வழுக்கிக்கொண்டு மூடியது. பொருத்தமான வேறு போல்ட் தலை கிடைத்தால் சரிசெய்யலாம், தேடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரும்புப் பெட்டகத்தில் போல்ட் தனியாக, துப்பாக்கி தனியாக இருக்கின்றன.