குரங்குக் கூட்டில் பனங்குற்றி

ஒக்ரோபர் 6
மிருகக்காட்சிசாலையில் நாங்கள் அமைக்கும் செங்குரங்குக் கூட்டின் நடுவே வரவிருந்த சிமெந்துப் பாறையை வரைபடத்திலிருந்து எடுத்தாயிற்று. பார்ப்பதற்குப் பாறைதான். மத்தியான வெயிலில் கை வைக்க ஏலாது. நோண்டவோ கிழிக்கவோ அதில் ஒன்றுமில்லை. 1907இல் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே தன் மிருகக்காட்சிசாலையில் கம்பியை எடுத்து அகழி வெட்டியதும் பார்க்க வருபவரின் கண்ணுக்காகத்தான்.

ஒக்ரோபர் 9
பாறைக்குப் பதில் பட்ட பனையின் குற்றி, 7 அடி. 2 அடி நிலத்துக்குள் போகவேண்டும். ஒரு முழத்திலேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும், அலவாங்கு இல்லாமல் நடக்காது.

குரங்கு நோண்டித் தின்னக் குற்றியில் துளைகள். துளை 2 சென்ரிமீற்றர் அகலம், 3 சென்ரிமீற்றர் ஆழம். விரல் போகலாம், கை போகக்கூடாது. கை நுழைந்தால் மாட்டிக்கொள்ளக்கூடும். வெளிப்புற வைரத்துக்குள்ளேயே துளையை நிறுத்தவேண்டும். உள்ளே மென்மையான சோத்தி வரை போனால் ஈரம் ஊறும். வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் மழைத்தண்ணீர் நிற்காது. அடைப்பது இடித்த கச்சானும் மசித்த வாழைப்பழமும். பொழுதுபடமுன் ஈர்க்கால் கிண்டித் துப்புரவாக்கவேண்டும். இந்தத் தீனி நாளாந்த அளவில் கழிக்கப்படும், மேலதிகமாக அல்ல.

ஒக்ரோபர் 21
ஏழு குரங்குக்கு ஒரு குற்றி, பெரிய பிழை. தலைவன் அதில் ஏறி இருந்துவிட்டது. செங்குரங்கில் பதவி கடுமை: பெரியது சின்னதின் வாயைத் திறந்து கன்னப்பையில் இருப்பதையே எடுக்கும். இப்போது ஒன்பது இடங்களில் தீனி. ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி நாலடி உயர அலம்பல் (சுள்ளி) தட்டிகள். பார்வையாளருக்கு அது யாழ்ப்பாணத்து வேலி, சின்னக் குரங்குக்கு மறைவு.

பார்வைக்கு ஒட்டாத நீல பிளாஸ்ரிக் கலனை என்ன செய்வது? குரங்குக்கு நிறம் பொருட்டில்லை, உருட்டினால் போதும். குற்றிக்குப் பின்னால் கிடக்கட்டும்.

நவம்பர் 3
உள்ளே நட்ட பூவரசு ஒரு கிழமை தாங்கவில்லை. உயிர்மரம் வலைக்கு வெளியே, எட்டாத் தூரத்தில். உள்ளே பிய்த்தெறிய வெட்டிய முருங்கைக் கொப்பு. வேலியோரம் அலரி இருந்தால் முதலில் வேரோடு பிடுங்கவேண்டும். இலையும் நஞ்சு, விதையும் நஞ்சு.

நவம்பர் 17
மாரி. ஒரு நாள் துப்புரவாக்காத துளைகளில் பூஞ்சணம். பழுதான கச்சான் ஈரலைக் கெடுக்கும். மழை நாளில் அவித்த பனங்கிழங்குத் துண்டுகளைச் சருகுக்குள் தூவுவது மேல். தும்புக்கயிறு ஊறி இற்றுப்போகிறது. நைலோன் இற்காது, ஆனால் பிரிந்த இழை விரலைச் சுற்றி இறுக்கும். ஆகவே தும்புதான், கிழமைக்கொருமுறை முடிச்சைப் பார்க்கவேண்டும்.

டிசெம்பர் 2
கூட்டுக்குள் வரும் தண்ணீர்க் குட்டைக்குச் சிமெந்து அடித்தளம் போட்டேயாகவேண்டும். மண் குட்டை அழகுதான். ஆனால் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் வழியே கழிவு நேரே அயல் கிணறுகளுக்குப் போகும். சிமெந்தை ஒரு சாண் மணலும் கல்லும் மூடும். வடிகால் வாயில் மட்டும் கல் போடக்கூடாது, கழற்றிக் கழுவ வேண்டும்.