லாங் ஹோஸில் போல்ட் ஸ்னாப்: இந்தக் கட்டு அசையவில்லை

ஸ்கூபா டைவிங்கில் காற்று வரும் நீளமான குழாயில் (லாங் ஹோஸ்), வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜை ஒட்டிக் கட்டிய போல்ட் ஸ்னாப் (மாட்டும் உலோகக் கொக்கி), உப்புத் தண்ணீரில் ஊறி, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிடித்துத் திருகினாலும் ஹோஸைச் சுற்றி வழுக்கவில்லை. முடிச்சு மட்டும் காரணமல்ல. நூலை நனைத்துக் கட்டியதும் காரணம்.

நைலான் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சினால் சற்று நீளும். மழையில் நைலான் கூடாரம் தொய்வது இதனால்தான். காய்ந்த நூலை எத்தனை பலமாக இழுத்துக் கட்டினாலும் கடலுக்குள் போனதும் கட்டு தளரும். நன்றாக ஊறவைத்து, ஈரத்தோடே இழுத்துக் கட்ட வேண்டும்.

நூல் 2 மி.மீ. பின்னல் நைலான், 60 செ.மீ. போதும். நூலுக்குப் பதில் உலோக வளையத்தால் மாட்டவே கூடாது. ஸ்னாப் உப்பேறி இறுகிவிட்டால் கத்தியால் அறுத்து ஹோஸை விடுவிக்க வேண்டுமே!

ஸ்னாப்பின் கண்ணுக்குள் (அடியில் உள்ள வளையம்) நூலை இரண்டு முறை விட்டு, கண்ணை ஒட்டி ஒரு ரீஃப் முடிச்சு (இரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில்). பிறகு ஹோஸின் உலோக முனை முடிகிற இடத்தில், ரப்பர் மேல், இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் நான்கு சுற்று. அடுத்ததில்தான் எல்லாமே இருக்கிறது: ஹோஸுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள கழுத்தில் குறுக்காக மூன்று சுற்று, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்து. இந்தக் குறுக்குச் சுற்றுதான் முதல் சுற்றுகளை நெரித்து ஹோஸைக் கவ்வ வைக்கிறது. இதை விட்டுவிட்டால் எந்த முடிச்சு போட்டும் பயனில்லை.

முடிக்கும்போது முதல் பாதியில் நூலை இருமுறை சுற்றவும், அதாவது சர்ஜன்ஸ் முடிச்சு. ஒரே சுற்று என்றால் இரண்டாம் பாதியைப் போடுவதற்குள் ஈர நைலான் நழுவிவிடும். இரண்டாம் பாதி எதிர்த்திசையில். முனைகள் தத்தம் நூலோடு சேர்ந்து ஒரே வரிசையில் படுத்திருந்தால் சரி. குறுக்கே துருத்தி நின்றால் அது கிரானி, அதாவது இரு பாதியும் ஒரே திசையில் விழுந்த தப்பு முடிச்சு, அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள்.

முனையை 5 மி.மீ. விட்டு வெட்டி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு உருக்கவும். ஹோஸில் தீ படாமலிருக்க நடுவே ஒரு ஸ்பூனைச் செருகி, அதன் முதுகாலேயே உருகிய முனையைத் தட்டையாக அழுத்தலாம். கூராக விட்டால் கையுறையைக் கிழிக்கும்.

நூல் வாங்குகிறவர்களுக்கு: மீன்பிடி வலைக்கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் முறுக்கு நூலைத் தந்துவிடுவார்கள். வெட்டிய இடத்தில் அது பிரிந்துகொண்டே போகும். பின்னல்தானா என்று முனையைப் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள். டைனீமா (ஒருவகை பாலிஎதிலீன் இழை) வேண்டாம், பலம் அதிகம்தான், ஆனால் வழவழப்பில் முடிச்சு நிற்காது. பாலியஸ்டர் பின்னல் தண்ணீரை உறிஞ்சாது. சிலிண்டரின் காற்றழுத்தம் காட்டும் பிரஷர் கேஜின் ஸ்னாப்பை அடுத்து அதில்தான் கட்டப்போகிறேன்.

மாற்று ரெகுலேட்டரை (காற்று தரும் இரண்டாவது வாய்க்கருவி) கழுத்தில் தொங்கவிடும் பட்டை பாதியில் நிற்கிறது. 6 மி.மீ. பஞ்சி (எலாஸ்டிக்) கயிற்றை இழுத்தால் மெலியும், மெலிந்தால் முடிச்சுக்குள் வழுக்கும். சாதாரண ஒற்றை முடிச்சு அதில் தாங்காது. இரட்டை ஃபிஷர்மேன் முடிச்சு போட்டு, வால் (மிச்ச முனை) 3 செ.மீ. விட்டிருக்கிறேன். தலை நுழைகிற அளவும், ரெகுலேட்டர் தாடைக்குக் கீழே நிற்கிற அளவும் இன்னும் ஒத்துவரவில்லை. அது சரியாகும்வரை வாலை வெட்டப்போவதில்லை.