மண் பிள்ளையார் வழக்கு

நேற்று குடும்பக் குழுவில் மாமா ஒரு மீம் போட்டார். அடுத்த மதத்துக் கடவுளைக் கேலி செய்வது. "என்ன மாமா இது?" என்றால், "வந்ததை அனுப்பினேன் மாப்ளே, கருத்துச் சுதந்திரம்தானே" என்கிறார்.

எனக்கு 1953 ஞாபகம் வந்தது. திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் மண் பிள்ளையாரை உடைக்கிறார். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஊரறிய. மதத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு புனிதப் பொருளை உடைப்பது குற்றம் என்னும் இந்திய தண்டனைச் சட்டம் 295ஆம் பிரிவில் ஒருவர் புகார் கொடுத்தார். மண் பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளின, உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் தப்பு என்றது: ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினால் போதும், கோயிலில் வைத்துக் கும்பிட்டதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் விஷயம் பழசாகிவிட்டது, மேல்நடவடிக்கை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. சந்தையில் வாங்கிய பொம்மைக்கெல்லாம் கிரிமினல் வழக்கா? ஆனால் பெரியார் மேடையில் நின்று உடைத்தார், வழக்கையும் வாங்கிக்கொண்டார். மாமா நிற்பது ஃபார்வேர்ட் முத்திரைக்குப் பின்னால்.

இன்று காலை பார்த்தால் மீமைக் காணோம். அந்த இடத்தில் ஒரு குட் மார்னிங் ரோஜா.