அசைஞ்சாதான் சாப்பாடு: எங்க வீட்டு இமோரிக் குஞ்சுங்க

மே 3, சனி

வந்துடுச்சுங்க! காலைல டீ போடுறதுக்கு முன்னாடி டப்பாவ எட்டிப் பாத்தா ஏழு குஞ்சு. போன வருஷம் வாங்குன இமோரி ஜோடி (பல்லி மாதிரி இருக்கும், தண்ணில வாழுற ஜப்பான் ஜீவன்), ஏப்ரல் 10லேர்ந்து தினமும் ஒண்ணு ரெண்டா முட்டை போட்டுட்டு இருந்துச்சு, தவளை மாதிரி மொத்தமா கொட்டாது, ஒவ்வொரு முட்டைக்கும் தண்ணிச்செடி இலைய பின்னங்காலால மடிச்சு உள்ள ஒளிச்சு வைக்கும், வெத்தல மடிக்கிற மாதிரியே இருக்கும் பாக்க. விட்டா பெத்தவங்களே தின்னுடும், அதனால இலையோட கிள்ளி வேற டப்பாவுக்கு மாத்திட்டே இருந்தேன். 20 டிகிரில மூணு வாரம் ஆச்சு.

ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கு. கண்ணாடி மாதிரி உடம்பு, கழுத்து ரெண்டு பக்கமும் இறகு மாதிரி மும்மூணு செவுள். கால் எதுவுமே இல்ல, கன்னத்துக்கு கீழ குச்சி மாதிரி ரெண்டு நீட்டிட்டு இருக்கு, அத ஊணிக்கிட்டுதான் சாயாம நிக்குது.

அம்மாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன். "ஏன்டி, டோக்கியோ போயி பல்லியவா தண்ணில வளக்குற?"ன்னாங்க. ஒருவகைல சரிதான், ஜப்பான்ல பல்லிக்கு யமோரி, வீட்டுக் காவல்னு அர்த்தம், இது இமோரி, கிணத்துக் காவல். ஆனா இது பல்லி இல்லம்மா, தவளைக்கு சொந்தம், வால் போகாத தவளைன்னு வச்சுக்கோங்கன்னு சொன்னேன். நம்ம ஊர் பக்கம் இந்த மாதிரி ஜீவனே கிடையாது, இந்தியாவுல இதோட சொந்தத்த பாக்கணும்னா டார்ஜிலிங், வடகிழக்கு மலைப் பக்கம்தான் போகணும்.

மே 6, செவ்வாய்

மொத்தம் 19. வயித்துல மஞ்சக்கரு இருக்குறதால ரெண்டு மூணு நாள் சாப்பாடு வேணாம், அதுக்கப்புறம் உயிரோட அசையுற தீனி மட்டும்தான். காய்ஞ்ச தீனிய மூக்குக்கு முன்னாடி போட்டாலும் இதுங்களுக்கு அது தீனின்னே தெரியாது.

அதனால ஆர்டீமியா (உப்புத்தண்ணில வாழுற, இறால் மாதிரி குட்டி ஜீவன்) முட்டைய பொரிக்க வச்சிருக்கேன். ஒரு லிட்டர் பாட்டில்ல 25 கிராம் உப்பு, கால் ஸ்பூன் முட்டை, ஏர் பம்ப் டியூப் அடிவரைக்கும். 28 டிகிரி இருந்தா 24 மணி நேரத்துல பொரிஞ்சிடும், ஆனா மே மாசம் வீடு அவ்ளோ சூடு இருக்காது. இட்லி மாவு புளிக்க நான் வச்சிருக்குற தெர்மாகோல் பெட்டி ஞாபகம் வந்துச்சு, சுடுதண்ணி பாட்டில் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், ஆர்டீமியா நடுவுல. ரெண்டும் நல்லாவே வந்துச்சு.

மே 8, வியாழன்

சாப்டுச்சு!! பம்ப நிறுத்திட்டு பாட்டில் அடில டார்ச் அடிச்சா பொரிஞ்சதெல்லாம் ஆரஞ்சு மேகமா வெளிச்சத்துக்கு வந்துடும், ஓடு மேல மிதக்கும். அடிலேர்ந்து டியூப்ல உறிஞ்சி காபி ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டி, உப்பு போக நல்ல தண்ணில அலசி டிராப்பர்ல விட்டேன். ரொம்ப நேரம் சிலை மாதிரி நின்னுச்சுங்க, திடீர்னு ஒரு வெட்டு. அஞ்சு நிமிஷத்துல கண்ணாடி வயித்துக்குள்ள ஆரஞ்சு பொட்டு தெரிய ஆரம்பிச்சுது, யார் சாப்டாங்க யார் சாப்டலைன்னு வெளிலேர்ந்தே தெரியுது. நானும் பொண்ணும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எண்ணிட்டு இருந்தோம்.

1994ல ஜப்பான் விண்வெளி வீராங்கனை முகாய் சியாகி கொலம்பியா விண்கலத்துல போனப்போ இதே இன இமோரிங்க கூடப் போயி விண்வெளிலயே முட்டை போட்டுச்சுன்னு பொண்ணுகிட்ட சொன்னேன், அதுலேர்ந்து ஒவ்வொண்ணும் அவளுக்கு ஆஸ்ட்ரோனட்தான்.

மே 18, ஞாயிறு

எழுதவே கஷ்டமா இருக்கு. அஞ்சு செத்துப்போச்சு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஃப்ரெண்டு வீட்டுக்கு கிளம்புறப்போ ரெண்டு நாளைக்கும் சேத்து ஆர்டீமியாவ கொட்டிட்டுப் போனேன். அது உப்புத்தண்ணி ஜீவன், நல்ல தண்ணில சில மணி நேரம்தான் தாங்கும், செத்து அடில படிஞ்சு தண்ணியே கெட்டுப்போயிருக்கு. எனக்கு தெரிஞ்ச விஷயம்தான், பசியோட விட்டுட்டுப் போக மனசு வரல, அதான் அப்டி செஞ்சேன். ரெண்டு நாள் பட்டினியா விட்டிருந்தாலும் பொழச்சிருக்கும்.

இனிமே காலை சாயந்திரம் கொஞ்சமா, மூணு மணி நேரம் கழிச்சு மிச்சத்த டிராப்பர்ல எடுத்துடணும், தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தணும், குளோரின் போக்கின, அதே சூட்டுல இருக்குற தண்ணி.

மே 29, வியாழன்

14ம் நல்லா இருக்கு. முன்னங்கால் விரலோட வந்தாச்சு (தவளைக்கு பின்னங்கால் முதல்ல, இதுக்கு முன்னங்கால் முதல்ல). ஆனா ஒண்ணுக்கு இடது கை இல்ல. பக்கத்துல அசைஞ்சதுன்னு கூடப்பொறந்தது கடிச்சிருக்கு, அதுங்களுக்கு அசைஞ்சா அது சாப்பாடு, அவ்ளோதான். நூறு யென் கடைல தயிர் கப் மாதிரி டப்பா 14 வாங்கி தனித்தனியா பிரிச்சுட்டேன். பொண்ணு அழுதுட்டா. கை திரும்ப முளைக்கும்டான்னு சொன்னேன், சமாதானத்துக்கு சொல்லல, நிஜம். எகுச்சி கோரோங்கற விஞ்ஞானியோட குழு 16 வருஷத்துல 18 தடவ இமோரியோட கண் லென்ஸ எடுத்தும் ஒவ்வொரு தடவையும் புதுசா வளந்துச்சுன்னு 2011ல வெளியிட்டாங்க.

ஜூன் 21, சனி

கை வந்துடுச்சு! கொஞ்சம் சின்னதா இருக்கு, விரல் எல்லாம் இருக்கு. நாலு காலும் ஊணி நடக்குதுங்க. ஆர்டீமியா பத்தல, டாஃப்னியா (நல்ல தண்ணில வாழுற தெள்ளுப்பூச்சி மாதிரி ஜீவன்) குடுக்குறேன், ஃப்ரீஸ் பண்ண ரத்தப்புழுவ நறுக்கி ட்வீசர் நுனில வச்சு மெல்ல ஆட்டினா உயிருள்ளதுன்னு நெனச்சு கவ்வுது. 14 கப், கப்புக்கு ரெண்டு நிமிஷம், ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அப்டியே போயிடும். சூடுதான் பயமா இருக்கு, ஏசிய பகல்லயும் 25ல விட்டுட்டுப் போறேன்.

ஜூலை 26, சனி

ரெண்டு நாளா பெருசு ஒண்ணு சாப்பிடல. செவுள் சுருங்கிடுச்சு, அடிக்கடி மேல வந்து மூச்சு விடுது. கரையேறப் போகுது. இப்ப ஆழத்துல விட்டா மூழ்கியே செத்துடும், அதனால அரை சென்டிமீட்டர் தண்ணி, மீதி ஈரப்பாசி, பதுங்க மரப்பட்டை. ஈரமா இருந்தா கண்ணாடி சுவர்ல ஏறிடும், மூடி இறுக்கமா போட்டிருக்கேன்.

வளந்ததும் குளத்துல விட்டுடலாமேன்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க. கூடாதுக்கா, ஜப்பானுக்குள்ளயே ஊருக்கு ஊர் இமோரி வேற வேற, கலந்துட்டா அந்த ஊர் இனம் போயிடும். கடைசி வரைக்கும் நம்ம வீடுதான். இருபது வருஷத்துக்கு மேலயும் இருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

பாசில உக்காந்திருந்த அந்த முதல் குட்டிக்கு முன்னாடி ஸ்பிரிங்டெயில் நாலஞ்சு விட்டேன், கரித்துண்டுல வளக்குற அந்த வெள்ளைப் பூச்சி. நாக்கு வெளிய வந்ததே தெரியல, ஒண்ணு காணோம். அப்புறம் இன்னொண்ணு. பொண்ண எழுப்பக் கூப்பிட்டேன், அவ கண்ண தேய்ச்சுட்டு வர்றதுக்குள்ள எல்லாம் காலி. இன்னும் 13 பேர் தண்ணிலதான்.