ரோதைமுனியை மொழிபெயர்த்த நாள்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், அம்மாவின் காம்பராவில் இருந்து இதை எழுதுகிறேன். திருமணமாகிப் பாரிசின் வடக்குப் புறநகருக்குப் போன நான், ஐந்து வயது மகளுடன் முதன்முறையாக ஊருக்கு வந்திருக்கிறேன். வாசலில் அவள் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளோடு உரத்த குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றரை ஆண்டுகள் பள்ளியில் ஒரு சொல்லும் பேசாதிருந்த பிள்ளை அவள்.

பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். மகள் அங்கே வாய் திறக்கவில்லை என்றதும், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டுப் பிரெஞ்சில் பேசுமாறு ஆசிரியை சொன்னார். நான் அதை நம்பினேன். எனக்கோ ரொட்டிக் கடைக்குப் போய்வரும் அளவு பிரெஞ்சுதான் தெரியும். தாலாட்டவும் கடிந்துகொள்ளவும் சொல் இல்லாமல் போனதில், பள்ளியில் இருந்த மௌனம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மா தொலைபேசியில் நிலைமையைக் கேட்டுவிட்டு, “புள்ள ஏங்கிப் போயிருச்சு” என்று மட்டும் சொன்னார்.

பிறகு குழந்தை மருத்துவர் எங்களை ஒரு மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பினார். நோயாளியின் பண்பாட்டோடு சேர்த்து உளநோயைப் பார்க்கும் இன உளமருத்துவத்தின் முன்னோடி ஜோர்ஜ் தெவெருவின் சிந்தனையை அடியொற்றி, பாரிசை அடுத்த பொபினியிலுள்ள அவிசென் மருத்துவமனையில் தோபி நத்தான் தொடங்கி, மரி ரோஸ் மொரோ புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்காக வளர்த்தெடுத்த முறையில் அங்கே சிகிச்சை நடக்கிறது. ஒரு மருத்துவருக்கு எதிரே தனியாக உட்கார வேண்டியதில்லை. முதன்மை மருத்துவரும், பல நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட துணைச் சிகிச்சையாளர்களும், மொழிபெயர்ப்பாளரும், நாங்களும் வட்டமாக அமர்வோம். குழந்தைக்கு நடுவில் ஒரு தாழ்ந்த மேசை, காகிதம், வண்ணப் பென்சில்கள். ஏறக்குறைய இரண்டு மணிநேரம் பேச்சு நடக்கும்.

மொழிபெயர்க்க வந்த அக்கா யாழ்ப்பாணத்தவர். அவரைக் கண்டதும் எனக்கு நெஞ்சு இறுகியது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் கடைத்தெருவில் யாராவது ஊரைக் கேட்டால், ‘கண்டிப் பக்கம்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம். மலையகத் தோட்டத்தவரை இழிவாகச் சுட்டும் ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல்லை ஒருமுறை கேட்டவர்களுக்கு அதற்கான காரணம் விளங்கும். அதனால் முதல் அமர்வில் நான் ஆம், இல்லை என்பதைத் தாண்டவில்லை.

இரண்டாம் அமர்வில் மருத்துவர், “உங்கள் ஊரில் ஒரு குழந்தை இப்படிப் பேச்சற்றுப் போனால் உங்கள் அம்மா என்ன செய்வார்?” என்று கேட்டார். ரோதைமுனியிடம் கூட்டிப்போய்த் திருநீறு போடுவார் என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அக்கா மொழிபெயர்க்கவில்லை. தானும் தமிழ்தான், ஆனால் இந்தச் சாமியைத் தனக்குத் தெரியாது என்று மருத்துவரிடம் நேர்மையாகச் சொல்லிவிட்டு, “நீங்களே சொல்லுங்கோ தங்கச்சி” என்று என் பக்கம் திரும்பினார். தேயிலைத் தொழிற்சாலையின் ரோதைகளில், அதாவது இயந்திரச் சக்கரங்களில், கையோ உயிரோ போகாமல் காத்து நிற்கும் சாமி என்று விளக்கினேன். யாரும் சிரிக்கவில்லை, மூடநம்பிக்கை என்றும் ஒதுக்கவில்லை. “பாரிசில் உங்களை யார் காக்கிறார்கள்?” என்று ஒரு துணைச் சிகிச்சையாளர் கேட்டபோது நான் அழுதுவிட்டேன்.

அதன்பின் பேசத் தடை இருக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான தாத்தாவையும், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964இல் எழுதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தலைமன்னாரில் கப்பலேறிய அவருடைய தம்பியையும், கொழுந்துக் கூடையோடு அம்மா மலைக்குப் போகையில் என்னை விட்டுச்சென்ற, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவையும் பற்றிச் சொன்னேன். ஊரை மறைத்து வாழும் தாயின் பிள்ளைக்கு எந்த மொழியில் பேசுவது என்று எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியை அங்கே எவரும் என் மீது குற்றமாகச் சுமத்தவில்லை. நானாகவே அதை வந்தடைந்தேன்.

தமிழ் தெரிந்த ஒருவரை அமர்த்திவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. எந்தத் தமிழ், எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்கும் பொறுமையும் வேண்டும். அந்த அக்காவிடம் அது இருந்தது.

நான்காம் அமர்வில் மகள் வரைந்த நீளமான கட்டடத்தில் வரிசையாகக் கதவுகள் இருந்தன. காணொளி அழைப்பில் மட்டுமே அவள் கண்டிருந்த லயம் அது. ஒவ்வொரு கதவாகத் தொட்டு, மெல்லிய குரலில், தமிழில் எண்ணினாள். ஆறாவது கதவில் நிறுத்தி, “அம்மாயி வீடு” என்றாள். பள்ளியில் முதல் பிரெஞ்சுச் சொல் வர இன்னும் ஐந்து மாதங்கள் ஆயின.

மனத்துயரைச் சொல்ல எங்கள் பக்கத்தில் புழங்கும் சொற்களை எழுதிக்கொண்டு வரும்படி அக்கா கேட்டிருக்கிறார். அடுப்படியில் அம்மா ரொட்டி தட்டியபடி ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் கொப்பியில் குறித்துக்கொள்கிறேன். முதலில் எழுதியது ‘ஏங்கிப் போதல்’.